ஒரே படபடப்பு, இரண்டு வயது: அப்பாவுக்கு எந்த மாத்திரை, தம்பிக்கு எந்த மாத்திரை?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும்; நாடி தாறுமாறாக ஓடும். அப்பாவுக்கு 78 வயது, பெரம்பூர் ஐ.சி.எஃப்.இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பிக்கு 44, சோழிங்கநல்லூரில் கணினி வேலை. இரண்டு பேருக்கும் விட்டுவிட்டு வருகிற வகைதான். சில மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுத் தானாக அடங்கிவிடும்.

தம்பிக்கு ஃப்ளெக்கனைடு என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் ஆள் பழையபடி ஆகிவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் காபி குடிக்கும்போது கேட்டார்: “அவனுக்குக் கொடுக்கிறதையே எனக்கும் கொடுத்தா என்னம்மா? ஒரே ரத்தம்தானே?”

நான் 21 வருடமாக ஈ.சி.ஜி. எடுக்கிறவள். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை. மருந்து உள்ளே போன பிறகு தாளில் என்ன மாறுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள், அவ்வளவுதான். அப்பாவுக்கு என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் தள்ளினோம் என்பதை, டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவரை எழுதுகிறேன். வீட்டில் வயதானவருக்கு இதே முடிவை எடுக்கவேண்டி இருப்பவர்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

முதலில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டுமே படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்தவை. ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். தம்பியின் துடிப்பு நிமிடத்துக்கு 76. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் இறங்கும் நேரமான பி.ஆர். இடைவெளி நான்கு கட்டம்கூட இல்லை. அப்பாவின் துடிப்பு 54. பி.ஆர். ஐந்தரைக் கட்டம், அதாவது 220 மில்லிசெகண்ட். ஐந்து கட்டத்தைத் தாண்டினாலே தாமதம் என்றுதான் கணக்கு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி தயாராக எடுக்கும் நேரமான கியூ.டி.யும், துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய பிறகு, தம்பிக்கு 405, அப்பாவுக்கு 455.

அப்பாவுக்குத் தனியாக ஏதோ வியாதி வந்து இப்படி ஆகவில்லை. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் இளமையில் இருக்கும் செல்களில் பத்தில் ஒரு பங்குதான் 75 வயதில் மிஞ்சுகிறது என்று பாடப்புத்தகங்களே சொல்கின்றன. மற்ற இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. நரம்புகளின் முடுக்கலும் கடிவாளமும் இரண்டுமே இல்லாமல் விட்டால் இதயம் தன்போக்கில் எவ்வளவு துடிக்கும் என்பதற்கு 1970இல் வந்த ஒரு சூத்திரம் உண்டு: 118.1இலிருந்து வயதின் 0.57 மடங்கைக் கழிக்க வேண்டும். 44 வயதுக்கு 93 வரும். 78 வயதுக்கு 74கூட வராது. அதுவும் நோயில்லாத இதயத்துக்கான கணக்கு. துடிப்பைக் குறைக்கிற எந்த மருந்தும் தம்பியிடம் ஒரு மாடிப்படி இறங்கும். அப்பாவிடம் ஏற்கெனவே தரைக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

இரண்டாவது கணக்கு சிறுநீரகம். எங்கள் வீட்டில் இதுதான் முடிவையே மாற்றியது, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தசையில் உண்டாகிச் சிறுநீரில் போக வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் இரண்டு பேருக்கும் 1.2. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் நட்சத்திரக் குறி கிடையாது, தடித்த எழுத்தும் கிடையாது. “நார்மல்தான்” என்று மடித்து வைத்துவிட்டோம். ஆனால் 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். தம்பி 78 கிலோ; விடை 86க்கு மேல். அப்பா 54 கிலோ, விடை 39. நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ரத்தம் சுத்தமாகிறது என்று பொருள். தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால் வடிகட்டி பாதி அடைத்துக்கொண்டாலும் எண் நல்லபிள்ளையாகவே காட்டும். சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து அப்பாவின் உடம்பில் தம்பியிடம் தங்குவதைப்போல் இரண்டு மடங்கு நேரம் தங்கும்.

மூன்றாவது, கியூ.டி. விஷயம். இதை நம் ஊர் தண்ணீர்க் கதையாகச் சொன்னால்தான் அப்பாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே போனால்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அதற்கு ஒரு வழி மட்டும் இல்லை, பல வாய்க்கால்கள் இருக்கின்றன. வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர், போர்வெல், அவசரத்துக்கு லாரி என்று மூன்று இருக்கிற மாதிரி. சோட்டலால் போன்ற மருந்து மெட்ரோ குழாயை மூடுகிறது. தம்பி வீட்டில் போர்வெல் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும். வயதான இதயத்தில் போர்வெல்லும் பாதி வறண்டிருக்கும். அதோடு நீர் பிரியும் மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் லாரியும் வராது. அப்போது கியூ.டி. நீண்டுகொண்டே போய், 500 மில்லிசெகண்டைத் தாண்டினால், டோர்சாட் எனப்படும் உயிருக்கே ஆபத்தான துடிப்பு கிளம்பலாம். லயத்தைச் சரிசெய்யத் தந்த மருந்தே லயத்தைக் கெடுக்கும் நிலை அது. வயது 65ஐத் தாண்டுவது, பெண்ணாக இருப்பது, துடிப்பு மெதுவாக இருப்பது, பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவது எல்லாம் அந்த அபாயத்தைக் கூட்டும். உங்கள் வீட்டில் இருப்பது அம்மாவோ பாட்டியோ என்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, இனி வழிகள்.

முதல் கேள்வி எந்த மாத்திரை என்பதே அல்ல. லயத்தைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுவதா, அல்லது லயம் எப்படியோ போகட்டும், வேகத்தை மட்டும் அடக்கினால் போதும் என்று விடுவதா? 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வில் 4,060 பேர்; சராசரி வயது 70ஐ ஒட்டி. லயத்தைப் பிடித்துவைக்க முயன்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, மருத்துவமனையில் சேர்ந்ததும் அவர்கள்தான் அதிகம். வேகத்தை எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்கு 2010இல் ரேஸ்-2 என்ற ஆய்வு வந்தது. ஓய்வு நேரத் துடிப்பை 80க்குக் கீழே கொண்டுவந்தே தீருவேன் என்று மல்லுக்கட்டியதற்கும் 110க்குக் கீழே இருந்தால் சரி என்று விட்டதற்கும் பலனில் வித்தியாசம் பெரிதாக இல்லை. வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கடைசி 20 துடிப்பைக் குறைக்கப் போய்த்தான் பலர் மயங்கி விழுகிறார்கள்.

ஆனால் 2020இல் ஈஸ்ட்-ஆஃப்நெட் 4 ஆய்வு, 2,789 பேரை வைத்து, நோய் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் லயத்தைச் சீர்செய்யத் தொடங்கினால் பக்கவாதமும் இதயச் சாவும் குறைகின்றன என்று காட்டியது. அதனால் “வயசானா வேகத்தை அடக்கினால் போதும்” என்பது இப்போது முழு உண்மை இல்லை. புதிதாக வந்த நோய், தொந்தரவு அதிகம், இதயம் பலவீனம் என்றால் 75 வயதிலும் லயத்துக்குப் போராடலாம். அப்பாவுக்கு நோய் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது, தொந்தரவும் மாதம் ஒரு தடவைதான். தம்பிக்கோ வந்து ஐந்து மாதம், முன்னால் முப்பது நாற்பது வருட வாழ்க்கை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து தனிக் கணக்கு. லயம் சரியாகிவிட்டது என்று அதை நிறுத்திவிடக் கூடாது. அஃபர்மில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் அதை நிறுத்தியவர்கள் அல்லது போதாத அளவில் எடுத்தவர்கள். அந்த மருந்து வேண்டுமா என்பதைப் பக்கவாத அபாயத்துக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்வார்கள். 75 வயதானாலே இரண்டு மதிப்பெண். அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, பழைய ஸ்டென்ட்டுக்கு ஒன்று, மொத்தம் நான்கு. தம்பிக்குச் சுழியம்.

அட்ரினலினின் முடுக்கலைத் தடுத்துத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரிலிருந்து தொடங்குவோம், பெரும்பாலும் டாக்டர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். மெட்டோபுரோலால் கல்லீரல் வழியாகக் கழியும். பிசோபுரோலால் பாதி சிறுநீரகம், பாதி கல்லீரல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயதாக ஆக அட்ரினலினுக்கு இதயம் காட்டும் பதிலே மங்கிவிடுகிறது, எனவே பீட்டா பிளாக்கருக்கு அடக்குவதற்கு மிச்சமே கொஞ்சம்தான். ஆனால் கணு தளர்ந்திருப்பதால் அந்தக் கொஞ்சமும் அதிகமாகத் தெரியும். அப்பாவிடம் நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. படபடப்பு ஓடி அடங்கும் நொடியில் சைனஸ் கணு உடனே பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இளம் இதயத்தில் எடுத்துக்கொள்ளும். கிழட்டுக் கணு தூங்கி எழுந்து வருவதற்குள் இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து விநாடி இதயம் சும்மா நிற்கும். உடம்பில் மாட்டி நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதியும் ஹோல்டர் கருவியின் பட்டையில் அந்த நீண்ட நேர்கோட்டைப் பார்க்கும்போது இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் போகிறது. அந்த ஐந்து விநாடி பாத்ரூமில் நடந்தால் இடுப்பு எலும்பு முறிவு. அதனால் அப்பாவுக்குப் பிசோபுரோலால் 1.25 மில்லிகிராம் மட்டும் ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து ஹோல்டர் போட்டுப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

டிஜாக்சின் நம் ஊரில் பழைய நண்பர். 1785இலேயே வில்லியம் விதரிங் நரிக்கையுறைச் செடியைப் பற்றி எழுதிவிட்டார், அந்தப் பரம்பரைதான். இங்கே 0.25 மில்லிகிராம் மாத்திரையை வாரம் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு என்று எழுதும் வழக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். மாத்திரைக்கும் வாரவிடுமுறை! மருந்து சேராமல் இருக்கப் பழைய டாக்டர்கள் கண்டுபிடித்த உபாயம் அது. ஆனால் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் முதியோருக்கு ஒரு நாளைக்கு 0.125க்கு மேல் வேண்டாம் என்கிறது. மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே போகிறது. அப்பாவின் 39ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இதில் என்னை உறுத்துவது நஞ்சின் அறிகுறிகள்தான்: பசியின்மை, குமட்டல், சோர்வு, குழப்பம். 78 வயது ஆள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? “வயசாச்சு, பசிக்கலை” என்று ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுப்பார்கள். இன்னொன்று, டிஜாக்சின் உட்கார்ந்திருக்கும்போதுதான் வேகத்தை அடக்கும். மாடி ஏறினால் கைவிட்டுவிடும். நடமாட்டமே குறைந்துபோன, இதயம் பலவீனமான ஒருவருக்குப் பொருந்தும். தினமும் வில்லிவாக்கம் மார்க்கெட் வரை நடக்கும் அப்பாவுக்கு இல்லை.

கால்சியம் வாய்க்காலை அடைத்து வேகத்தைக் குறைக்கும் வெராபமில், டில்டயாசெம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலச்சிக்கல், கால்வீக்கம், அதோடு பீட்டா பிளாக்கருடன் சேர்ந்தால் துடிப்பு விழுந்துவிடும் அபாயம். இதயத்தின் பம்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது. வயது என்றால் முதுமை மட்டும் இல்லை என்பதற்கு இந்த மருந்தே சாட்சி: ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு வெராபமிலை நரம்பில் ஏற்றக் கூடாது. பிஞ்சு இதயத்தில் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் உள்ளறை இன்னும் முதிர்ந்திருக்காது. வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே அது சுருங்குகிறது. அந்தக் கதவை அடைத்தால் ரத்த அழுத்தம் சடாரென்று சரிந்துவிடும்.

இப்போது தம்பியின் ஃப்ளெக்கனைடு. சோடியம் வாய்க்காலை அடைத்து மின்னோட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. சுத்தமான, வடு இல்லாத இதயத்தில் அருமையாக வேலை செய்யும். எப்போதாவதுதான் படபடப்பு வரும் என்றால், முதல் தடவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வரும்போது மட்டும் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சிலருக்குச் சொல்வார்கள். மேலறையின் நடுக்கம் மெதுவாகி, ஒவ்வொரு அலையும் அப்படியே கீழறைக்கு இறங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கூடவே ஒரு சின்ன பீட்டா பிளாக்கரும் தருவார்கள். தம்பிக்கு எக்கோ எடுத்து, மாத்திரை தொடங்கியபின் டிரெட்மில்லில் ஓடவிட்டும் பார்த்தார்கள். காரணம், இந்த மருந்தின் பிடி துடிப்பு வேகமாகும்போது இறுகும். ஓடும்போது, கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலை கால் பங்குக்கு மேல் அகலமானால் எச்சரிக்கை.

அப்பாவுக்கு ஏன் இல்லை? 1980களின் கடைசியில் நடந்த காஸ்ட் ஆய்வுதான் பதில். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடும் அதன் உறவுக்கார மருந்து ஒன்றும் கொடுத்தார்கள். ஈ.சி.ஜி.யில் இடையிடையே வரும் தப்புத் துடிப்புகள் அழகாக மறைந்தன. ஆட்கள் மட்டும் கூடுதலாக இறந்தார்கள். 1989இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரியான சேதி இது. தாள் சுத்தமாக இருப்பதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல. வடுவைச் சுற்றி மின்னோட்டம் வளைந்து வளைந்து போகும்போது, மருந்து அதை இன்னும் மெதுவாக்கினால், போன அலை திரும்பி வந்து அதே இடத்தை மறுபடி தூண்டிவிடும். சுழல் ஆரம்பம். கண்டிப்பாகச் சொன்னால் இதில் தடை வயதுக்கு இல்லை, வடுவுக்குத்தான். 75 வயதில் இதயம் கல் மாதிரி இருக்கிற ஒருவருக்குக் கவனமாகத் தரலாம். ஆனால் மாரடைப்பே வராவிட்டாலும் வயதான தசைக்குள் நார் மெல்லப் படர்ந்திருக்கும், அதை எக்கோ முழுதாகக் காட்டாது. ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு யோசிக்கவே இடமில்லை.

சோட்டலால் இதற்கு நேர் எதிர். ஃப்ளெக்கனைடு ஓடும்போது கடிக்கும் என்றால் சோட்டலால் தூங்கும்போது கடிக்கும். துடிப்பு மெதுவாக ஆக ஆக அது கியூ.டி.யை அதிகம் நீட்டும். அதே மாத்திரை பீட்டா பிளாக்கராகவும் இருப்பதால் துடிப்பைத் தானே மெதுவாக்கும். போதாக்குறைக்குச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குத் தரும்போது அந்தச் சூத்திர எண் 40க்குக் கீழே இருந்தால் தரக்கூடாது என்பது மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. துடிப்பு 54, கியூ.டி. 455, எண் 39. மூன்று கதவும் மூடியிருக்கிறது. முன்பு வேறோர் இடத்தில் பார்த்தபோது அப்பாவுக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். கிரியேட்டினின் 1.2தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நான்காம் நாள் சந்தேகப்பட்டு நானே வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு தாள் எடுத்துப் பார்த்தேன்: 498. அன்றைக்கே நிறுத்தினோம். கோபம் முதலில் அவர்கள்மேல் வந்தது. பிறகு என்மேல்தான் அதிகம் வந்தது.

அமியோடரோன். இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதுதான் கடினமாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காகச் செய்த மருந்து. லயத்துக்கு உதவும் என்பது பிறகு தெரிந்தது. மற்றவற்றைவிட லயத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். வடு இருக்கும் இதயத்திலும், பலவீனமான இதயத்திலும் தரலாம். சிறுநீரகத்தை நம்பியில்லை. கியூ.டி.யை நீட்டும், ஆனால் டோர்சாட் அபூர்வம். அப்பாவுக்காகவே செய்த மாத்திரை மாதிரி இல்லையா?

இதுவரை நல்ல பக்கம். உடம்பின் கொழுப்பில் ஊறிப்போய், பாதி வெளியேறவே சராசரியாக 58 நாள் எடுக்கும். இன்று தொந்தரவு என்று நிறுத்தினால் தீபாவளிக்கு நிறுத்தியது பொங்கலிலும் உடம்பில் இருக்கும். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின். தைராய்டு ஏறலாம், இறங்கலாம். நுரையீரலில் அழற்சி, கல்லீரல் பாதிப்பு, கண்ணின் கருவிழியில் படிவு, வெயில் பட்டால் தோல் எரிந்து, நாளாக ஆகச் சாம்பல்நீலம் பாய்வது. சென்னை வெயிலில் இந்தக் கடைசி ஒன்றே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும், வருடம் ஒருமுறை மார்பு எக்ஸ்-ரே என்று பரீட்சைகள் தொடரும்.

வயது இங்கே ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. அமியோடரோனின் பெரும்பாலான கேடுகள் சேர்ந்து சேர்ந்து வருபவை. 44 வயதில் தொடங்கினால் முப்பது வருடம் சேரும். அதனால் தம்பிக்கு அது கடைசி ஆயுதம். 78 வயதில் அந்த வாதம் வலுவிழக்கிறது. ஆனால் வேறு இரண்டு வருகின்றன. ஒன்று, அது துடிப்பையும் குறைக்கும். 54இல் இருப்பவர் 44க்குப் போனால் பேஸ்மேக்கர் கேள்வி உடனே எழும். இரண்டு, தைராய்டு குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், மந்தம், குளிர் தாங்காமை. மறுபடியும் எல்லாமே “வயசாச்சு” என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும் அறிகுறிகள். டிஜாக்சின் எடுப்பவருக்கு இதைச் சேர்த்தால் டிஜாக்சினைப் பாதியாக்க வேண்டும். ரத்தக் கட்டியைத் தடுக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பவருக்கு ரத்தம் திடீரென்று நீர்த்துவிடும்; அளவைக் குறைத்து, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்போ இதயத் தசைத் தடிப்போ இருந்தாலொழிய முதியோருக்கு முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்று பியர்ஸ் பட்டியலும் சொல்கிறது. அப்பாவுக்கு இதை இரண்டாவது வரிசையில் வைத்தோம். பீட்டா பிளாக்கர் தோற்று, தொந்தரவு தாங்க முடியாமல் போனால், குறைந்த அளவில், கண்காணிப்போடு.

இதன் அயோடின் இல்லாத தம்பியான டுரோனெடரோனும் பேச்சில் வந்தது. நிரந்தரமாக லயம் கெட்டுப்போன முதியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பல்லாஸ் ஆய்வில் பக்கவாதமும் சாவும் கூடியதால் 2011இல் நிறுத்தவேண்டி வந்தது. அப்பாவின் நோய் எந்த வருடம் நிரந்தரமாக மாறும் என்று தெரியாத நிலையில் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

மாத்திரையே இல்லாத வழிகளும் உண்டு. அப்லேஷன்: நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களின் வாயிலிலிருந்துதான் பெரும்பாலும் இந்தப் படபடப்பு கிளம்புகிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோவில் கண்டறிந்தார்கள், அங்கே சூடோ குளிரோ வைத்து மின்தொடர்பைத் துண்டிக்கும் முறை. தம்பிக்கு மாத்திரை சலித்துப்போனால் அடுத்தது இதுதான், நான் இதை இப்போதே செய்துகொள்ளச் சொல்வேன். அவன்தான் “பார்க்கலாம் அக்கா” என்று இழுக்கிறான். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர். அது படபடப்பைத் தடுக்காது. ஆனால் அடியில் ஒரு வலை கட்டிவிடும், அதற்குப் பிறகு பீட்டா பிளாக்கரைத் தேவையான அளவு தரலாம். அதற்கும் அப்பால், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் இறங்கும் வாசலான ஏ.வி. கணுவையே துண்டித்துவிட்டு பேஸ்மேக்கரை நம்பி இருக்கும் வழியும் இருக்கிறது. திரும்பி வர முடியாத பாதை என்பதால் கடைசியில்.

எந்த மாத்திரையை எடுத்தாலும் நம் ஊரில் சில கண்ணிகள் இருக்கின்றன. நெஞ்செரிச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பான்டோபிரசோல் மாத்திரைகளில் பலவற்றில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். அதுவும் கியூ.டி.யை நீட்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே கட்டுப்பாடு போட்டது. சளிக்கு அசித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், எல்லாம் அதே ஜாதி. அப்பாவின் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: “இதய லய மருந்து எடுப்பவர், கியூ.டி. கவனம்” என்று. கடைக்காரர் படித்துவிட்டு இரண்டு தடவை வேறு மாத்திரை மாற்றித் தந்திருக்கிறார்.

அப்புறம் கத்திரி வெயில். மே மாதத்தில் வியர்த்து, தண்ணீர் குறைந்து, ஒரு நாள் வயிற்றுப்போக்கும் வந்தால் 39 என்பது 25க்கு இறங்க ஒரு வாரம் போதும். டிஜாக்சின், சோட்டலால் எடுப்பவர்களுக்கு அது அளவை யாரோ கூட்டிக் கொடுத்த மாதிரி. வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் போகும். அதற்காக இளநீரை அள்ளிக் கொடுத்துவிடவும் முடியாது. சிறுநீரகம் தளர்ந்தவர், அழுத்த மாத்திரையாக ராமிபிரில், டெல்மிசார்டன் எடுப்பவர் என்றால் பொட்டாசியம் மேலே ஏறிவிடும். எனவே ஏப்ரல் கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை என்று வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஐந்தாறு மாத்திரைக்கு மேல் போய்விட்டால் முதியோர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று பார்க்கத் தெரிந்தவர்கள். இந்தத் துறையில் சென்னை முன்னோடி. 1978இலேயே இங்கே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். கிண்டியில் 2024இலிருந்து முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை இருக்கிறது. அப்பாவின் பட்டியலிலிருந்து தூக்க மாத்திரை ஒன்று அப்படித்தான் விழுந்தது.

இப்போதைய நிலை: தம்பிக்கு ஃப்ளெக்கனைடும் சின்ன பீட்டா பிளாக்கரும். அப்பாவுக்குப் பிசோபுரோலால் 1.25, கூடவே ரத்தக் கட்டியைத் தடுக்க அபிக்சபான் 5 மில்லிகிராம் காலையும் இரவும். ஹோல்டரில் மிக நீண்ட இடைநிறுத்தம் 2.4 விநாடி, இரவு இரண்டு மணிக்கு, தூக்கத்தில். பேஸ்மேக்கர் வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். படபடப்பு இன்னும் வருகிறது, மாதம் ஒரு தடவை, ஆனால் 140க்குப் பதில் 100இல் ஓடிவிட்டுப் போகிறது. அப்பா சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். 50க்குக் கீழே போனால் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அபிக்சபானுக்கு ஒரு விதி உண்டு. வயது 80ஐத் தொடுவது, எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ இருப்பது, கிரியேட்டினின் 1.5ஐத் தொடுவது, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் அளவு பாதி. அப்பாவிடம் இப்போது எடை மட்டும்தான் சேர்கிறது. எண்பதானதும் சதாபிஷேகம் பண்ண வேண்டும் என்று அம்மா இப்போதே மண்டபம் பேசுகிறாள். அந்த வருட காலண்டர் வந்ததும் பிறந்தநாள் தேதியில் நான் எழுதப்போவது “5க்குப் பதில் 2.5, டாக்டரிடம் கேட்க” என்றுதான்.